வத்தல் மண்டி வாசலில் விழுந்தேன்

ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு என் வேட்டியில் மை பட்டது. அச்சாபீஸ் சுவர்க் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்திருந்தேன். ஏழே முக்காலுக்கு விருதுநகர் பஸ். இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். காயப்போட்டிருந்த மத்தாப்புப் பெட்டி லேபிள் ஒன்று வலது தொடைப் பக்கம் ஒட்டிக்கொண்டது. உரித்து எடுத்தபோது அதிலிருந்த சிவப்பு ரோஜாவில் பாதி வேட்டிக்கு வந்திருந்தது.

அன்று நான் வேலைக்கே போயிருக்க வேண்டியதில்லை, லீவு சொல்லியிருந்தேன். ஆனால் தீபாவளி சீசன். விஸ்வநத்தத்துக் கம்பெனி ஒன்றின் ஆர்டருக்கு நான் திருத்திய புரூப் கைக்கு வந்தால்தான் மெஷின் ஓடும். கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று, சலவை வேட்டியும் சலவைச் சட்டையுமாகவே போய் நின்றேன். பதினெட்டு வருஷம் அங்கே புரூப் பார்க்கிறவனுக்கு ஈர மைக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு போகக்கூடாது என்று தெரியாதா? தெரியும். புத்தி முழுக்க மகள்மேல் இருந்தது.

அவள் ஆசிரியைப் பயிற்சி முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். விருதுநகரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நடுவருஷத்தில் ஒரு டீச்சர் கல்யாணமாகிப் போய்விட, அந்த இடத்துக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். இவள் ஒருத்தி. ஹாஸ்டலில் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்பதால், பெற்றோர் நேரில் வந்து கமிட்டியார் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. பதினொரு மணிக்கு. தாய் இல்லாத பிள்ளை. நான்தான் போயாக வேண்டும். அவள் முந்தின நாளே அங்கே ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் சர்டிபிகேட்டுகளில் எங்கள் ஊர் ஹெட்மாஸ்டரிடம் ஒப்பம் வாங்க முடிந்தது என்பதால் அவை என் பையில் இருந்தன. முந்தின நாள் அவள் பஸ் ஏறும்போது, "அப்பா, சீக்கிரம் வந்திருங்க. தகப்பனார் இல்லாட்டி உள்ளயே கூப்பிட மாட்டாகளாம்" என்றாள். சாதாரணமாக எதையும் இரண்டு முறை சொல்லாதவள், ஜன்னல் வழியாக இன்னொரு முறை சொன்னாள்.

வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றி வந்தால் பஸ் போய்விடும். லேபிளுக்கு வார்னிஷ் பூசுகிற ஆள் என் முழியைப் பார்த்துவிட்டார்.

"என்ன சார், கொடி குத்திட்டு வந்திருக்கீக? ஸ்பிரிட்டு போட்டா போயிரும். ஆனா டின்ன மொதலாளி பூட்டிட்டுப் போயிட்டாகளே."

ஸ்பிரிட் டின் எப்போதும் பூட்டியே இருக்கும். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். மதுவிலக்குக் காலம். கள்ளும் சாராயமும் கிடைக்காதவர்கள் எதையெதையோ குடித்தார்கள். ஸ்பிரிட்டில் கரைத்த வார்னிஷைத் தண்ணீர் விட்டுத் தெளியவைத்து வடிகட்டிக் குடிக்கிறவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு வார்னிஷ் என்றால் லேபிளைப் பளபளக்க வைப்பது. தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்.

"இந்தத் துணியில இருக்கதே போதும்" என்று தன் வார்னிஷ் துணியைக் கொடுத்தார். நான் தேய்த்தேன். ரோஜா கரைந்து, வெளிறிய வளையம் ஒன்று மிஞ்சியது. அதுவும் தெரியக்கூடாது என்று மறுபடி மறுபடி நனைத்துத் தேய்த்தேன். அவர் தன் பங்குக்கு என் சட்டை ஓரத்தையும் துடைத்துவிட்டார்.

அந்த வாடை எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. எங்கள் மூக்கு அப்படி. பட்டாசு மருந்து அறையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கந்தகம் தெரியாது; எங்களுக்கு வார்னிஷ் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் திருத்தங்கலில் கூட்டம் இறங்கியதும் எழுந்து முன்னால் போனார். காற்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன். இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறேன். அந்த நாளுக்குப் பிறகு எட்டு மாதமாக இப்படித்தான்.

விருதுநகரில் இறங்கியபோது ஒன்பது மணி. வேட்டியை அவிழ்த்து, வளையம் மடிப்புக்குள் போகும்படி மாற்றிக் கட்டினேன். அப்படிக் கட்டினால் முன்பக்கம் ஒரு சாண் தழைந்து தொங்கியது. கமிட்டியார் முன்னால் தழையக் கட்டியிருப்பது மரியாதைதானே என்று விட்டுவிட்டேன். பஜார் வழியாக நடந்தேன். எதிரே மூட்டை ஏற்றிய கைவண்டி வந்தது. ஒதுங்கி ஒரு மிளகாய் வத்தல் மண்டியின் படியில் கால் வைத்தேன். வைத்த கால் வேட்டி நுனியை மிதித்தது. அடுத்த கால் எழவில்லை. முகம் குப்புற விழுந்தேன்.

நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் விழுவது எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கையை ஊன்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பையைத்தான் பிடித்துக்கொண்டேன். குழந்தை விழுந்தால் ஓடி வந்து தூக்குகிறார்கள், கிழவர் விழுந்தால் ஐயோ என்கிறார்கள். என்னைப் போன்ற ஒருவன் விழுந்தால் ஜனங்கள் நின்று, இவன் ஏன் விழுந்தான் என்று பார்க்கிறார்கள். அந்தப் பார்வைதான் தாங்க முடியாதது. ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவிட வேண்டும் என்று தோன்றியது. கூடவே, ஏன் என்று தெரியவில்லை, சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவசரமாக எழுந்தேன். கணுக்கால் பிசகியிருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு எட்டு தள்ளாடி, சாக்குகளின்மேல் மறுபடி விழுந்தேன்.

முதல் தடவையோடு போயிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

சாக்கிலிருந்து கிளம்பிய வத்தல் தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறியது. தும்மினேன். கண் எரிந்து நீர் கொட்டியது. தூக்குவதற்குக் குனிந்த சுமைகூலிக்காரர் ஒருவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏலே, வார்னிசுல்லா வீசுது."

"காலங்காத்தாலயேவா?"

"கண்ணப் பாரு, கோவப்பழமா இருக்கு."

வத்தல் தூளால் சிவந்த கண் என்று சொல்ல வாயைத் திறந்தேன், தும்மல்தான் வந்தது. பையிலிருந்து காகிதங்கள் சிதறியிருந்தன. அவற்றைப் பொறுக்கிய ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "பொம்பளப்பிள்ள சர்டிபிகேட்டுல்லா. ஏன்யா, இத அடகு வச்சாக் குடிச்சீரு?" கூட்டம் சிரித்தது. இரண்டு கையையும் நீட்டி அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கினேன். என் கை நடுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

மண்டி முதலாளி நல்ல மனிதர். கைத்தாங்கலாக என்னை உள்ளே கொண்டுபோய் ஒரு சாக்கின்மேல் உட்காரவைத்தார். "யாரும் ஒண்ணும் சொல்லாதீக, படிச்சவரு மாதிரி இருக்காரு" என்றார். அதற்குள் பஜாரில் நின்ற போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"எந்த ஊரு?"

"சிவகாசி."

"என்ன சோலி?"

"அச்சாபீஸ்ல புரூப் பாக்கேன்."

"அப்பச் சரித்தான்" என்றார். "ஊதும்."

ஊதினேன். காலையில் குடித்த காப்பிதான் மணத்திருக்கும். அவர் யோசித்துவிட்டு மண்டி முதலாளி பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, வாயில தெரியல. ஆனா மேலெல்லாம் வீசுதே."

"கை நடுங்கி பாதி வேட்டிக்குப் போயிருக்கும்" என்றார் வாசலில் நின்ற ஒருவர்.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. விளங்கியதும் பெரிய நிம்மதி. சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். "ஐயா, வேட்டியில மை பட்டிருச்சு. வார்னிஷ் துணியாலதான் துடைச்சேன்" என்றேன்.

வார்னிஷ் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் வாசலில் ஒரு சிரிப்பு எழுந்தது. "அவரே சொல்லிட்டாருய்யா." போலீஸ்காரரும் சிரித்தார். மையைக் காட்டும் என்றார். மடிப்பை விரித்தேன். வேட்டி முழுக்க வத்தல் தூள். சிவப்புக்குள் சிவப்பு. வளையம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. புரூப்பில் ஒரு எழுத்து தலைகீழாக இருந்தால் கண்டுபிடிக்கிறவன், சொந்த வேட்டியில் ஒரு கறையைத் தேடிக்கொண்டு, பத்துப் பேர் பார்க்கத் தொடையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டர் பாத்து எழுதித் தரட்டும். இல்லாட்டி, இந்த ஊர்ல யாராவது மரியாதப்பட்டவுக உம்மத் தெரியும்னு வந்து கூட்டிட்டுப் போகட்டும். யாரத் தெரியும்?" என்றார் போலீஸ்காரர்.

எனக்கு அந்த ஊரில் தெரிந்தவர் ஒரே ஒருவர். மகளைக் கூப்பிட்டிருந்த பள்ளியின் கரஸ்பாண்டெண்ட். ஒரு குருவானவர், எங்கள் சபைக்கு ஒரு முறை பிரசங்கம் பண்ண வந்தபோது பேசியிருக்கிறேன். அவர் பேரைச் சொன்னால் நான் வெளியே போகலாம். ஆனால் அவர் என்னை எப்படிப் பார்ப்பார்? சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரி, டாக்டர் ஒன்றுமில்லை என்று எழுதித் தருவார், ஆனால் எத்தனை மணிக்கு? மகளின் சிநேகிதி வீடு எந்தத் தெரு என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு இதை யோசிக்க ஆரம்பித்தேன். பத்தே காலுக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் வாசலில் நின்று பீடி குடித்தார். காலை ஊன்றிப் பார்த்தேன், முடியவில்லை.

மண்டி முதலாளி ஒரு செம்பு மோர் கொண்டுவந்தார். "குடிங்க. வெங்காயம் போட்டிருக்கு. தெளிஞ்சிரும்."

"நான் குடிக்கலைங்க அண்ணாச்சி."

"சரி, குடிக்கல. மோரக் குடிங்க."

தாகமாக இருந்தது. வாங்கிக் குடித்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த மோரைக் குடித்ததும் ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. அதன்பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் இரக்கமாகப் பேசினார்கள். "வீட்ல சண்டையா?" என்றார் ஒருவர். "எங்க மச்சானும் இப்படித்தான், தங்கமான மனுசன்" என்றார் இன்னொருவர். திட்டியபோது பதில் சொல்லத் தோன்றியது. இதற்கு என்ன சொல்வது?

பத்தே முக்காலுக்குக் குருவானவர் பேரைச் சொன்னேன். மண்டி ஆள் ஒருவர் சைக்கிளை எடுத்தார். கூப்பிட்டு நிறுத்தி, "வழியில கால் பிசகி விழுந்துட்டார்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். "அதெல்லாம் பக்குவமாச் சொல்லிருவேன்" என்றார் அவர், கண்ணைச் சிமிட்டி. சர்டிபிகேட்டுகளை அவரிடம் கொடுத்தனுப்பி இருக்கலாம். அது அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் தோன்றியது. ஓட முடியாது. கூப்பிட்டேன், கேட்கவில்லை.

எங்கேயோ பதினொன்று அடித்தது. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அவள் வராந்தாவில் வாசலைப் பார்த்து நிற்பாள். மற்றப் பெண்ணை அவள் தகப்பனாரோடு உள்ளே கூப்பிடுவார்கள். இவளை, வரட்டும், கொஞ்சம் பொறுப்போம் என்பார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? கர்த்தரே, ஒரு கால்மணி பொறுக்கச் சொல்லும் என்று ஜெபித்தேன். பிறகு அரைமணி என்று ஜெபித்தேன். சாக்கில் உட்கார்ந்து, காகிதங்களில் ஒட்டியிருந்த வத்தல் தூளை ஒவ்வொன்றாக ஊதிவிட்டேன். ஊத ஊதத் தும்மல் வந்தது.

பதினொன்றே முக்காலுக்குக் குருவானவர் வந்தார். வெள்ளை அங்கி, கையில் குடை. தனியாகத்தான் வந்தார். வாசலில் போலீஸ்காரரிடம் இரண்டு வார்த்தை பேசினார். அவர் சல்யூட் வைத்துவிட்டுப் போனார். கூட்டத்தையும் குடையால் கலைத்துவிட்டார். பிறகு வந்து என் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்தார். அவர் மூக்கு சுருங்கியதைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், வேண்டுமென்றே இன்னும் நெருங்கி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "இருக்கட்டும் தம்பி, இருக்கட்டும்" என்று தட்டிக்கொடுத்தார்.

"கமிட்டியார் மத்தப் பிள்ளையப் போட்டுட்டுக் கலைஞ்சுட்டாக. உங்க மகள்ட்ட, அப்பாவுக்கு பஸ் கிடைக்கல போலன்னு சொல்லியிருக்கேன். நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "நீங்க குடிக்கது பிள்ளைக்குத் தெரியுமா?"