பச்சை எரிந்தால் வண்டி விழித்திருக்கிறது

ஞாயிறு பூசை முடிந்து சர்ச் படியிறங்கும்போது, "அருள்ராஜ் போயிட்டார்ணா" என்று யாரோ சொன்னார்கள். ஒர்க்‌ஷாப்புக்குத்தானே போயிருப்பான் என்று நினைத்து நான் பாட்டுக்கு நடந்தேன். "விடியக்காலம் நெஞ்சுவலி" என்றதும்தான் விளங்கியது.

அவன் மெக்கானிக். பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டியை மைசூரில் ஓட்டும் டிரைவர்களில் அவனைத் தெரியாதவர் குறைவு. நான் அவனிடம் போனது ஒரு தப்பைச் செய்துவிட்டு.

நாற்பது வருஷம் காதால் வண்டி ஓட்டியவன் நான். முதலாளி ஹைபிரிட் கார் வாங்கிய வாரம் வீட்டு வாசலில் நிறுத்தினேன். எஞ்சின் சத்தமே இல்லை. அணைந்துவிட்டது என்று கியரைக்கூட மாற்றாமல் இறங்கினேன். வண்டி தானாக ஊர்ந்து போய்க் கேட் தூணில் இடித்தது. முதலாளியம்மா ஓரடி தள்ளி நின்றிருந்தார்கள்.

"பர்திதெயல்லா, ஓதக்கே பரல்வா?" டிஸ்ப்ளேயில் எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா என்று முதலாளி கன்னடத்தில் கத்தினார். கோபத்தில் கேட்டாரே தவிர, உண்மையே அதுதான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என் வேலை அன்றோடு சரி.

ஒர்க்‌ஷாப்பிலும் அதையே சொல்லித் திட்டினார். அருள்ராஜ் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். "இந்த வண்டியில எல்லாரும் பண்ற தப்பு சார். நானே பண்ணியிருக்கேன். அண்ணாவை ஒரு நாள் என்கிட்ட விடுங்க."

மறுநாள் சாமுண்டி மலைக்குக் கூட்டிப்போனான். "மெதுவா போறப்ப மோட்டார் இழுக்கும்ணா. ஏத்தத்துல எஞ்சினும் கை கொடுக்கும். இறங்குறப்ப சக்கரமே மோட்டாரைச் சுத்தி பேட்டரிக்குக் கரண்ட் ஏத்தும்."

"மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளைன்னு சொல்லு. திரும்பி வர்றப்பதான் கை நிறையும்."

வாய்விட்டுச் சிரித்தான். பிறகு டிஸ்ப்ளேயின் ஓரத்தில் விரல் வைத்தான். என்ன எழுத்து என்று சொல்லவில்லை. "இந்தப் பச்சை எரிஞ்சா வண்டி முழிச்சிருக்கு. சத்தத்தை நம்பாதீங்க. பச்சை அணைஞ்சப்புறம் கதவைத் திறங்க." அவ்வளவுதான். என் வேலை தங்கியது.

கடைசியாகப் பார்த்தபோது ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, லிஃப்டில் தூக்கி நிறுத்திய முழு மின்சாரக் கார் ஒன்றின் அடியில் நின்றான். "எஞ்சினே கிடையாதுண்ணா. அடிவயிறு பூரா பேட்டரி. ஆரஞ்சு வயரைத் தொட்டுடாதீங்க, அடுத்த பூசை உங்களுக்குத்தான்" என்றான். பூசை அவனுக்கு முந்திக்கொண்டது.

அடக்கத்தன்று அவன் மனைவி ரோஸி ஒரு மலர்வளையத்தைக் காட்டினாள். "யாரு வச்சதுன்னு அந்த ரிப்பன்ல படிச்சுச் சொல்லுங்கண்ணா. எனக்குக் கண்ணு மறைக்குது."

என் விஷயத்தைக் கட்டினவளிடம்கூட அவன் மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன், அத்தனை பேர் முன்னால். வாழ்க்கையில் முதல் தடவை.

நான் சொல்லச் சொல்ல மருமகள் இதை எழுதுகிறாள். அதையும் மறைக்காமல் எழுது என்றேன். அருள்ராஜிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: தெரிந்தும் என்னிடம் அவன் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி.