பேமானி வாங்கித் தந்த விசா

“...ஓடிபி வேணுமாடா ஓடிபி, உன் மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறச்சலான்னு கேட்டேன் பாரு, அப்டியே கம்முனு ஆயிட்டான் நைனா! போடா பேமானின்னு சொல்லி போனை வெச்சிட்டேன். இனிமே எவனும் இந்த நம்பர் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டான்!”

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம். ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் அண்ணி இப்படிச் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் வேலை முடிந்து, போனில் வந்திருந்த செய்தியைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தேன். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அண்ணி விரட்டியடித்த அந்த ஆள் திருடன் இல்லை. நான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு விசா கொடுக்க வேண்டிய அதிகாரி.

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். நான் வெல்டர். பள்ளிக்கூடம் பாதியோடு சரி. மிச்சத்தை மனுஷங்க பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் படித்தேன். சில வருஷம் வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். எங்கள் குடியிருப்புக்கு எதிரே ஒரு மளிகைக் கடை. கல்லாவில் எத்தியோப்பியாவைச் சேர்ந்த ஒரு பெண். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நம்ம ஊர் ஆட்கள் என்பதால் அவளுக்குத் தமிழ் தானாக ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் நான் பெரிய நோட்டை நீட்டியதும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “சில்ற இல்ல மாமே” என்றாள். அந்த ‘மாமே’யில் விழுந்தவன்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து நான் ராயபுரத்துக்கு வந்தேன். அவள் தன் ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். அந்தப் போனில் எங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டவர் அண்ணி. அவர் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். படகு சத்தத்துக்கு மேலே விலை கூவிப் பழகிய குரல். அந்தப் பெண்ணுக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்புவார். நெத்திலியை எப்படி ஆய்வது, என் அண்ணனை எப்படி அடக்கி வைத்திருக்கிறார், எதிர்வீட்டில் என்ன சண்டை, எல்லாம் போகும். பதில் வரும். கொஞ்ச நாளில் அவளுடைய தமிழ் என் தமிழைவிட அசல் காசிமேடாகிவிட்டது. முறைப்படி பார்த்தால் அவள் என் அண்ணியை ‘அக்கா’ என்று கூப்பிட வேண்டும். என்னைப் பார்த்துப் பார்த்து ‘அண்ணி’ என்றே பழகிவிட்டாள். யாரும் திருத்தவில்லை.

அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. “கண்ணால பாக்காத பொண்ணுக்கு நான் எப்டிடா பூ வெப்பேன்? ஒரு வாட்டி வூட்டுக்கு வரட்டும், ஒரு வாய் சாப்புடட்டும், அப்பால பாக்கலாம்” என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே? அவளைச் சுற்றிப் பார்க்கும் விசாவில் வரவழைப்பது என்று முடிவானது.

முதல் தடவை கணினியில் விண்ணப்பித்தோம். நிரப்பியது நான். எத்தியோப்பியாவிலும் நம்மைப் போலவே வீட்டுப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், பக்கத்தில் அப்பா பெயர், அவ்வளவுதான். அட, நம்ம இனிஷியல் கணக்குத்தானே என்று நான் அப்பா பெயரை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டேன். அவர்களுக்கோ அப்பா பெயர் பின்னால் வரும். பாஸ்போர்ட்டில் ஒரு விதம், விண்ணப்பத்தில் ஒரு விதம். விசா இல்லை என்று வந்துவிட்டது. வீடியோவில் அவளுடைய அப்பா ஏதோ சொன்னார். அவள் சிரிக்காமல் மொழிபெயர்த்தாள்: “ரெண்டாவது வாட்டியும் வேணாம்னு சொன்னா, இந்தப் பேச்சே வேணாமாம்.”

அதனால் இரண்டாவது விண்ணப்பத்தை அவளே நேரில், அவள் ஊரில் இருக்கிற இந்தியத் தூதரகத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். இந்தியாவில் விசாரிக்க ஒருத்தருடைய பெயரும் போன் நம்பரும் வேண்டும். என் நம்பரைக் கொடுக்க முடியாது. நான் வேலை பார்ப்பது எண்ணூர்ப் பக்கம் ஒரு எரிவாயு ஆலையில். கேட்டிலேயே போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை என்னவோ பொறி பறக்கிற வேலைதான். ஆனாலும் போன் கூடாது. எங்கள் செக்யூரிட்டி அண்ணன் பெட்டியைப் பூட்டும்போதெல்லாம், “உள்ள போனா உன் பொண்டாட்டிக்கே நீ யாரோ” என்பார். அதனால் அண்ணியின் நம்பரைக் கொடுத்தேன். “விசா ஆபீஸ்லருந்து போன் வரும், பார்த்துப் பேசு” என்று சொல்லியும் வைத்தேன்.

ஆனால் அதற்கு முந்தின மாதம் வேறொன்றும் சொல்லி வைத்திருந்தேன். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருத்தன் அண்ணியை ஏமாற்றப் பார்த்தான். அப்போது நான் பெரிய மனுஷன் மாதிரி பாடம் எடுத்தேன். தெரியாத நம்பர், இந்தியில் பேசுவான், வீட்டில் யார் யார் என்று கேட்பான், நல்லா வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டு வைத்துவிடு. இந்த அதிகாரி செய்தது அச்சு அசல் அதுதான். தெரியாத நம்பர், இந்தி, வீட்டில் யார் யார். அண்ணி என் பேச்சைத் தட்டாதவர்.

“விசா ஆபீசுன்னா தமிழ்ல பேச மாட்டானா?” என்றார் அண்ணி, விஷயத்தை நான் சொன்னதும்.

“அவரு வடக்கத்திக்காரர் அண்ணி. அந்த ஊர்லருந்து பேசறாரு.”

அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கடலுக்குப் போன படகு திரும்ப நேரமானபோதுகூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. “ஐயோ, பொண்ணு வாழ்க்கையில நானே மண்ணைப் போட்டுக்கினேனா?” என்று மட்டும் சொன்னார். அந்த நம்பருக்குத் திரும்பத் திரும்ப அடித்தோம். யாரும் எடுக்கவில்லை. நாளைக் காலை நேரில் வரச் சொல்லியிருக்கிறார், கோபமாக இருந்தார் என்று அவளிடமிருந்து செய்தி வந்திருந்தது.

மறுநாள் நான் லீவு போட்டேன். அண்ணி ஏலத்துக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்து நல்லது கெட்டதைத் தவிர அவர் ஏலத்துக்குப் போகாத நாள் அது ஒன்றுதான். தலைக்குக் குளித்து, திருவொற்றியூர் தேருக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து உட்கார்ந்தார். நடுநடுவே வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டார்கள். “வஞ்சிரமும் கெடையாது, வவ்வாலும் கெடையாது, போனை வை, ஆபீசர் வருவாரு!” என்று ஒவ்வொருத்தரையும் துரத்தினார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் அந்த நம்பர் வந்தது. அண்ணி போனை எடுத்து, எழுந்து நின்று, “வணக்கம் சார்” என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் குரல் வரவில்லை. நான் ஸ்பீக்கரைப் போட்டு, வளைகுடாவில் கற்ற அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார். சத்தம் போட்டதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, மோசடிக்காரன் என்று நினைத்திருப்பார்கள், புரிகிறது என்றார். ஆனால் அந்த அம்மா என்னை ‘பேயிமான்’ என்றார். இருபது வருஷமாக நேர்மையாக வேலை பார்க்கிறேன். நான் லஞ்சம் கேட்டேனா? எதற்காக அந்த வார்த்தை என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி பொழிந்ததில் அவருக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அது அவருடைய வார்த்தை! இந்தியில், உருதுவில் ‘பேயிமான்’ என்றால் நாணயம் கெட்டவன். அந்தக் காலத்தில் யாரோ அதை எங்கள் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போக, உப்புக் காற்றில் அதன் காரமெல்லாம் போய் ‘பேமானி’ ஆகிவிட்டது. எங்கள் தெருவில் கேட்சை விட்டவன் பேமானி. காயப்போட்ட கருவாட்டைத் தூக்கின பூனை பேமானி. சொன்ன நேரத்துக்கு வராத தோஸ்து பேமானி. இதையெல்லாம் ஒரு அதிகாரிக்கு அரைகுறை இந்தியில் எப்படிச் சொல்வது? “சாப், இங்கே அதுக்கு அந்த அர்த்தம் இல்லை” என்றேன். பின்னே என்ன அர்த்தம் என்றார்.

அப்போது அந்தப் பக்கம் தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அவரும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார் போல; கவுன்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்த நம்ம பெண் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டாள்.

“இன்னா அண்ணி நீ! ஆபீசரைப் போய் பேமானின்னு சொல்லிக்கினு கீற! அறிவு கீதா உனக்கு?”

அண்ணிக்குப் போன குரல் திரும்பி வந்தது. “ஏண்டி, அவரு ஆபீசருன்னு நெத்தியில எழுதியா ஒட்டிக்கினு கீது? நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்டி பேமானி!”

“நான்தான் பேமானியா? ரெண்டு நாளா சாப்புடல நான், தெரியுமா?”

“சாப்புடலையா? இன்னாத்துக்குடி சாப்புடல? மொதல்ல போய்ச் சாப்புடு! வவுத்தக் காயப்போட்டா விசா வந்துருமா?”

இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். நடுவில் ஒரு நாட்டு அரசாங்கத்தின் அதிகாரி போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முடிந்தது கதை என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

பிறகு அந்தப் பக்கம் அதிகாரி அவளிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அப்புறம்தான் தெரிந்தது: “நான் ஒரு நாள் போன் பண்ணலன்னா அவங்க என்னையும் இப்படித்தான் திட்டுவாங்க சார். வேத்து ஆளா இருந்தா மரியாதையா பேசுவாங்க.” அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. அண்ணி பயந்துபோய், “இன்னாத்துக்கு நைனா சிரிக்கிறாரு?” என்று என் காதில் கேட்டார்.

இங்கே உறவைக் காட்ட ஆட்கள் போட்டோ போட்டோவாகக் கொண்டுவருவார்கள், சண்டையைக் கொண்டுவந்தது இந்தப் பெண்தான் என்றாராம் அவர். சரி, அவர்களிடம் கடைசியாக ஒன்று கேள், இங்கிருந்து போனால் நீ எங்கே தங்குவாய்?

அவள் கேட்டாள். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனுக்குக் குனிந்தார். “எங்க தங்குவாளா? என் பக்கத்துல தங்குவா. இவனை மொட்டை மாடிக்கு அனுப்பிருவேன். எங்க மாமியாரு கையால பூ வெச்சுக்கினு, நான் காட்டுற கோயிலைப் பார்த்துட்டு, வந்த மாரியே பத்திரமா ஊருக்குத் திரும்புவா. இது காசிமேட்டுக்காரி வாக்குன்னு சொல்லுடி சார் கிட்ட!”

அவள் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். மொட்டை மாடியைக்கூட விடவில்லை. அதுவரை அடுப்படியில் நின்ற அம்மா முன்னால் வந்து, போனைப் பார்த்து, “அந்தப் பொண்ணை மொதல்ல சாப்டச் சொல்லு” என்றார். நான் அன்று அழுதது அந்த ஒரு வரிக்குத்தான்.

அடுத்த வாரம் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்தது. படம் எடுத்து அவள் அனுப்பியதும் அண்ணி அதை மீன் ஏலக் கூடம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். அன்றைக்கு எங்கள் ஆட்கள் விட்ட விசில் சாத்தாங்காடு வரைக்கும் கேட்டிருக்கும். அவள் வந்தாள். அம்மா பூ வைத்தார். சொன்னபடியே நான் மொட்டை மாடியில் படுத்தேன், கொசுவோடு. சொன்னபடியே அவள் ஊருக்குத் திரும்பினாள். பிறகு முறைப்படி பதிவுத் திருமணம் முடித்து, இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

எங்கள் பேச்சைக் கலீஜ் என்று முகம் சுளிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே வெளியூரில் அதை மறைத்துப் பேசிய நாட்கள் உண்டு. இப்போது மறைப்பதில்லை. காகிதங்கள் சொல்ல முடியாததை, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்பதை, ஒரு வெளியூர் மனுஷருக்குப் புரிய வைத்தது அந்தப் பேச்சுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தெரியாத நம்பரிலிருந்து அண்ணிக்குப் போன் வந்தது. வாசலில் உட்கார்ந்து அண்ணியும் என் மனைவியும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாக, “எந்த ஊரு ஆபீசுலருந்து சார் பேசறீங்க?” என்று கேட்டார். வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்களுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்றான் அவன். அண்ணி சிரித்துக்கொண்டே குனிந்து, இறால் உரித்துக்கொண்டிருந்தவளின் காதில் போனை வைத்தார்.