காலையில் எழும்பாத கார்

நோர்வூட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சரிபுதீனுக்கு உலகில் இரண்டே சொந்தம்: மனைவி அசீசா, பழைய பச்சைக் கார். குளிர்காலத்தில் அவர் யாரை முதலில் போர்த்திவிடுவார் என்பது ஊரறிந்த விஷயம்.

அந்தக் கார் தினமும் காலையில் செத்துக் கிடந்தது. பற்றரியை மாற்றினார், வயர்களை மாற்றினார். ஹட்டனிலிருந்து வந்த மெக்கானிக் பாஸ் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "பகல்ல நல்லாத்தான் இருக்குங்க முதலாளி, ராவுலதான் கரண்டு எங்கயோ ஓடிப்போகுது" என்று கையை விரித்தார். இன்னொரு நாள் தள்ள நேர்ந்தால் காரை விற்றுவிடுவதாக அசீசாவிடம் சொல்லிவிட்டார் சரிபுதீன்.

மறுநாள் விடியுமுன் அசீசா முற்றத்திலிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. படங்குக்குள்ள வெளிச்சம் தெரியுது."

காரைப் போர்த்தியிருந்த படங்குத் துணியின் கிழிசல் வழியே சரிபுதீன் பார்த்தார். காருக்குள் கூரை விளக்கு, உயிரை விடப்போவதுபோல் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. காற்றில் படங்கு பறக்காதிருக்க, அதன் கயிற்றைக் கதவிடுக்கில் கொடுத்துச் சாத்துவது அவர் வழக்கம். கயிற்றால் கதவு முழுதாய் மூடவில்லை; கதவு மூடாததால் விளக்கு அணையவில்லை. பகலில் படங்கை எடுத்துவிட்டுப் பார்த்த பாஸுக்கு இது எப்படித் தெரியும்?

"நோய் வந்துரும்னு போத்திப் போத்தி நீங்களே கொன்னிருக்கீங்க."

சரிபுதீன் கயிற்றை உருவி, கதவை அறைந்து சாத்தினார். விளக்கு அணைந்தது.

"அப்ப விக்கத் தேவையில்லதானே?"

அசீசா முந்தானையைச் செருகிக்கொண்டு காரின் பின்னால் போய் நின்றாள்.

"மொதல்ல தள்ளுங்க. பொறகு பேசுவோம்."