கூட்டிப் பெருக்காத ஓடை

இலங்கை மலையகத்து டயகமவுக்கு எல்லோரும் குளிரை அனுபவிக்கப் போவார்கள். நான் கல் புரட்டப் போகிறேன். ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர் நான். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஆறு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அங்குள்ள ஒரு தோட்டத்து ஓடையில் ஒரே இடத்துக் கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை எண்ணுகிறோம். தேயிலைக்கு அடிக்கும் மருந்து கலந்த தண்ணீரில் அவை தங்காது. இதுவரை எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பூச்சி நிறைந்த நல்ல கணக்குதான்.

இந்தத் தடவை பரீட்சை வேலை குறுக்கிட்டதால், தோட்டத்துக்குச் சொல்லியிருந்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே கிளம்பிவிட்டேன். ஹட்டனில் காலை ஆறேகால் பஸ். தலவாக்கலை, அக்கரப்பத்தனை வழியாக டயகம போய்ச் சேர ஒன்பது மணி. ஜன்னலோரம் உட்காரும் முன் கண்ணாடி மூடுகிறதா என்று பாருங்கள். எனக்கு மூடவில்லை, காது மரத்துவிட்டது. அங்கிருந்து ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய். ஆயிரம் கேட்பார்கள், அசையாதீர்கள்.

ஓடையைப் பார்த்ததும் இடம் மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். கரையெல்லாம் புதர், தண்ணீரில் வெற்று மருந்துப் போத்தல்கள். மேலே தேயிலைக்குள் இரண்டு பேர் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான கற்களை எல்லாம் புரட்டினேன். ஒரு பூச்சி இல்லை!

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வமணி அக்கா குடத்தோடு வந்தார். கீழே அவர் இருக்கும் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, குடிக்க இந்தத் தண்ணீர்தான்.

"என்னங்க டீச்சர், அடுத்த வாரம்னுல்ல சொன்னாங்க? இன்னும் நாங்க பெருக்கவே இல்லியே!"

"எதுக்குப் பெருக்கணும்?"

"பெரிய தொரை வந்தா லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம்ல, அது மாதிரித்தான். நீங்க வர்றீங்கன்னா முன்னாடியே மருந்த நிப்பாட்டிருவாங்க. நாங்க கரைய வெட்டி, போத்தலப் பொறுக்கிருவோம். ஒங்களுக்கு ஒரு மரியாத வேணாங்களா?"

மருந்து நின்றால் சில நாளிலேயே மேலிருந்து பூச்சிகள் மிதந்து வந்து கல்லில் ஒட்டிக்கொள்ளும், அதைத்தான் இவ்வளவு நாளும் எண்ணியிருக்கிறோம். மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாய் கேட்டு அந்த லயத்துக்காரர்கள் கொடுத்த மனுவை, எங்கள் நல்ல கணக்கைக் காட்டித்தான் தோட்ட ஆபிஸ் தள்ளிவிட்டதாம். அக்காவே சொன்னார். அடப் பாவிகளா! தண்ணீரைக் காப்பாற்றப் போய், அதைக் குடிப்பவர்களின் வாயை அல்லவா அடைத்திருக்கிறோம்?

அதற்குள் வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே டீச்சர். இன்னிக்கு எடுத்தத விட்ருங்க. அடுத்த வாரம் வாங்க, சுத்தமா இருக்கும்."

"சுத்தமா இருக்கிற அன்னைக்கு மட்டும் இவங்க தண்ணி குடிக்கிறாங்களா? இன்னிக்கு எடுத்ததுதாங்க கணக்கு."

"அப்படின்னா இனிமே தோட்டத்துக்குள்ள விட மாட்டோம்."

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா குடத்தை இறக்கினார்.

"டீச்சர விடாட்டிப் போங்கய்யா. எங்கள விடாம இருப்பீங்களா? தெனமும் தண்ணிக்கு வாறோம், கல்லப் பெரட்டிப் பாக்க எவ்வளவு நேரம் ஆவும்? இனிமே பெருக்கச் சொல்லி எங்கள மட்டும் கூப்புடாதீங்க."

கண்டாக்கையா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு பூச்சியும் இல்லாத அந்தக் கணக்கோடு, லயத்துக்காரர்களும் நாங்களுமாக மனுவை மறுபடி கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. வராவிட்டால் மறுபடியும் கொடுப்போம்.

இப்படி வருடக்கணக்கில் கண்காணிப்பு நடத்த நினைப்பவர்களே, இடத்தை மாற்றாதீர்கள், எண்ணும் முறையையும் மாற்றாதீர்கள். ஆனால் போகும் நாளை மாற்றிக்கொண்டே இருங்கள். நீங்கள் வருமுன் அங்கே என்ன நடக்கிறது என்று அங்கிருப்பவர்களிடம் வேலையைத் தொடங்கும்போதே கேளுங்கள். அசிங்கமான கணக்கை யார் கெஞ்சினாலும் அழிக்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் கூட நின்று எண்ணட்டும். கண்காணிப்புக்கான பணம் தீர்ந்து நாம் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

என்னோடு வர விருப்பமா? நீளக் காலுறை போட்டு, சவர்க்காரம் தடவிக்கொண்டு வாருங்கள், அட்டை கடிக்கும். மழைச் சட்டையும் வேண்டும். விடியற்காலையில் போன் அடிப்பேன், உடனே கிளம்ப வேண்டும். எந்த நாள் என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.