யாருடைய முடி

உள்ளங்கை அகலத்தில், பித்தளையும் கண்ணாடியுமாக, ஒரு சின்னக் கடிகாரம் போல இருந்தது அந்தக் கருவி. கப்பலில் வந்து, ரயிலில் வந்து, சேலத்திலிருந்து எங்கள் நிலையம் வரை மாட்டு வண்டியில் வந்தது. வைக்கோலை விலக்கி எடுத்தபோது கண்ணாடி உடையவில்லை, முள் வளையவில்லை. உள்ளே இருந்த முடி மட்டும் அறுந்து கிடந்தது. நிலையத்தின் தலைவரான டாக்டர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் நீளத்தில், பொன்னிறத்தில், மனித முடி. "போச்சு" என்று மட்டும் சொன்னார்.

காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டுகிற ஈரமானி அது. ஈரக்காற்றில் மனித முடி இம்மியளவு நீளும். வறண்ட காற்றில் சுருங்கும். அந்த இம்மியை ஒரு முள்ளின் நகர்வாகப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் கருவியின் வேலை. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் வாய்க்காலை ஒட்டிய ஊர்களில் ஆண்டுதோறும் குளிர்காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. அதைப் பரப்பும் கொசுவை ஆராய்வதற்காக ஒரு வாடகைக் கட்டிடத்தில் நடந்த சிறிய நிலையம் எங்களுடையது. கொசு எத்தனை நாள் உயிரோடிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் காய்ச்சல் பரவும். எத்தனை நாள் இருக்கும் என்பது ஈரத்தைப் பொறுத்தது. அது தெரிந்தால்தான் எந்த மாதத்தில் வீடுகளுக்கு மருந்தடிப்பது என்று சொல்ல முடியும். தாழ்வாரத்துக் காற்றை அளக்க எங்களிடம் இரண்டு வெப்பமானிகள் இருந்தன. ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றது சும்மா இருக்கும். ஆனால் கொசுக்கூண்டுக்குள் அவற்றை வைக்க இடமில்லை. அதற்காக வரவழைத்ததுதான் இந்தப் பித்தளைப் பெட்டி. வந்த வாரத்தில் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிவிட்டது. இன்னொன்று வரும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நிலையத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டவர் அங்கே கூட்டிப் பெருக்கவும் கூண்டு கழுவவும் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். எருமப்பட்டிப் பக்கம் பொன்வேலை செய்யும் பத்தர் வீட்டுப் பெண். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து ஊதுகுழல் ஊதி வளர்ந்தவர். கட்டினவன் விட்டுப் போன பிறகு, "எங்கையில தொழில் இருக்குது, எவன் தயவும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாராம். வந்த மூன்றாம் மாதத்தில் பெருக்குகிற வேலை பேருக்குத்தான் என்று ஆகிவிட்டது. கொசுவை உறிஞ்சிப் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்கள் உடைந்தபோது பப்பாளித் தண்டைக் காயவைத்து நுனியில் சல்லாத் துணி கட்டிக் கொடுத்தார். கொசுவின் சிறகு சிதையாமல் பிடிக்க வெள்ளிக் கம்பியில் இடுக்கி செய்தார். நான் வாழப்பாடிக்காரன், பி.எஸ்ஸி. படித்த ஆய்வு உதவியாளன். என் மேசையில் நான் உபயோகித்த பொருள்களில் பாதி அவர் கையால் ஆனது.

அறுந்த முடியைப் பார்த்ததும் அவர், "வேற முடி கட்டிட்டா ஆச்சுங்க" என்றார். டாக்டர் கருவியோடு வந்த தாளைப் படித்துக் காட்டினார். வட ஐரோப்பியப் பெண்களின் பொன்னிற முடிதான் இதற்கு உகந்தது. கரிய முடி தடித்தது, நம்பகமற்றது என்று அதில் அச்சிட்டிருந்தது.

அக்கா கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"ஏனுங்க, எங்க மசுரு மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு? அடமழையில எங்க தலையுந்தான் நாலு நாளானாலும் காயாமக் கெடக்குது."

அந்தச் சொல்லைக் கேட்டு டாக்டரின் காது சிவந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. கொண்டையை அவிழ்த்து, ஒரு முடியைச் சுண்டி இழுத்து மேசைமேல் வைத்தார்.

முதல் முயற்சி தோற்றது. முள் அசையவே இல்லை. ஈரத்துணி போட்டு மூடினாலும் சோம்பேறி மாடு மாதிரி நின்றது. டாக்டர் தாளை மறுபடி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அக்கா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "தம்பி, எண்ணெயிங்க. பொறந்ததுலருந்து தேச்ச எண்ணெ. ஈரம் எப்பிடிங்க உள்ள போகும்?" என்றார். அரப்புத் தூள் போட்டு அலசினார். முள் கொஞ்சம் அசைந்தது. வண்ணார் துவைக்க எடுக்கும் உவர்மண்ணைக் கரைத்துத் தெளியவைத்து, அந்த நீரில் ஒரு பொழுது ஊறப்போட்டு எடுத்தார். அப்புறம் அந்த முடியைக் கட்டினால், நாங்கள் பக்கத்தில் நின்று பேசினாலே மூச்சின் ஈரத்துக்கு முள் திரும்பியது. முடி தளராமல் நிற்க, பொன் நிறுக்கும் ஒரு குன்றிமணியை நுனியில் தொங்கவிட்டார். அந்தப் பித்தளைப் பெட்டியின் எடைக்கல்லை விட அது லேசு, அதைவிடச் சரி. பிறகு பழைய பெட்டியே வேண்டாம் என்று கூண்டுக்குள் அடங்கும்படி வேப்பம் பலகையில் புதிதாக மூன்று செய்தார்.

சோதனையில் அவர் தனக்கே இரக்கம் காட்டவில்லை. தாழ்வாரத்து வெப்பமானிகளுக்குப் பக்கத்தில் மூன்று பெட்டிகளையும் மாட்டி, விடிந்ததும் ஒருமுறை, உச்சிப்பொழுதில் ஒருமுறை, விளக்கு வைக்கும் முன் ஒருமுறை என்று என்னைப் படிக்கச் சொல்வார். அவருக்குத் தமிழ் எழுத்தும் எண்ணும் நன்றாகத் தெரியும். கணக்குக்கு ஒத்துவராத பெட்டியை அங்கேயே பிரித்துப் போடுவார். "கோணலா இருக்கறத நேருன்னு சொல்லிக் குடுக்கறதுக்கு நான் எதுக்குங்க?" என்பார். இடையில் அவருக்கே காய்ச்சல் கண்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்க, தாழ்வாரத்துக்கு வந்து முள்ளைப் பார்த்துவிட்டுப் போனது நினைவிருக்கிறது.

அவை தேறிய பிறகுதான் கூண்டுக்குள் போயின. கோடைக் கடைசியில் தொடங்கி, வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகும் சேர்த்து, நாற்பது நாள் அளவு எடுத்தோம். வாய்க்காலில் தண்ணீர் விட்டு நெல் வயல் நனைந்த பின்தான் கொசு நீண்ட நாள் வாழ்கிறது. அதுவரை ஊருக்கு ஊர் மருந்தடித்துக்கொண்டிருந்த கோடைமாதங்களில் அது சீக்கிரமே செத்துப்போகிறது. மருந்து வீணாகிறது, காய்ச்சல் வருகிறது. இவ்வளவும் பதிவேட்டில் அந்த நாற்பது நாள் பத்தியில் தெளிவாக இருந்தது.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து மேலதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டி, "இந்த அளவுகள் எந்தக் கருவியில் எடுத்தவை?" என்று கேட்டார். டாக்டர் தயங்கினார். நான் பெட்டியைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. "பெருக்குகிறவள் தலைமுடியில் எடுத்த அளவை நான் எப்படி அச்சுக்கு அனுப்புவது?" என்றார்.

அதிகாரியின் பையை இறக்கிவைத்தபோது உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்தார்.

"உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குதுங்களே, அதையும் இதையும் சோடியாப் போட்டு ஈரத்துணியில மூடிப் பாத்துருலாங்களா?"

அதிகாரியின் பையில் சீமையிலிருந்து வந்த ஈரமானி ஒன்று உண்மையாகவே இருந்தது. சிறுபிள்ளைத்தனம் என்பது போலச் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். ஈரத்துணிக்குள் காற்று முழுக்க நனைந்திருக்கும். நல்ல கருவியாக இருந்தால் முள் நூறுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த சோதனை. அரைமணி நேரம் கழித்து டாக்டரே துணியை விலக்கினார். அக்காவின் முள் நூறை ஒட்டி நின்றது. சீமை முள் எண்பதைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. அதிகாரி தன்னுடையதைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பத்தியைச் சிவப்பு மையில் அடித்துவிடு. கருவி இல்லை என்று எழுது" என்றார்.

நான் அடித்தேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வேலை புதிது, தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் காரணம்தான், ஆனால் நாற்பது கோடுகளையும் போட்டது என் கை. அக்கா பக்கத்தில் நின்று கடைசிக் கோடு வரை பார்த்தார்.

"அன்னிக்குப் பேஞ்ச மழ இந்தக் கோட்டுல பேயாமப் போயிருமுங்களா, தம்பி?" என்றார்.

மூன்று பெட்டிகளையும் புடவைத் தலைப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவரை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. அவர் நின்றுகொண்டார்.

அடுத்த இரண்டு வருஷத்தில் அவரைப் பற்றிக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சேலத்தில் ஒரு நூல் மில்லில் காற்று வறண்டால் இழை அறுந்துகொண்டே போகுமாம். அவருடைய பெட்டி மாட்டிய பிறகு எப்போது தண்ணீர் தெளிப்பது என்று மேஸ்திரிகளுக்குத் தெரிந்ததாம். விதைக்கடலை பூசணம் பிடிக்காமல் காக்க ஒரு கிடங்கில் இரண்டு மாட்டினார்களாம். ஒரு கல்லூரி வாத்தியார் பையன்களுக்குப் பாடம் நடத்த ஒன்று வாங்கிப் போனாராம். நூலுக்கு ஒரு மாதிரி, விதைக்கு ஒரு மாதிரி என்று ஒவ்வொன்றுக்கும் முடியின் நீளத்தை மாற்றி, அந்தந்த இடத்திலேயே மாதக்கணக்கில் சோதித்துக் கொடுத்தார். எங்கள் நிலையத்தில் மட்டும் அந்தப் பத்தி காலியாகவே இருந்தது. மருந்து கோடையிலேயே அடிக்கப்பட்டது. காய்ச்சலும் வந்தது.

கடைசியில் மெட்ராஸே கேட்டது. யுத்தத்தில் எங்கும் ஈரமானி கிடைக்கவில்லை. உள்ளூரில் யாரோ செய்கிறாராமே, ஆறு வாங்கி அனுப்பவும் என்று கடிதம். டாக்டர் என்னை எருமப்பட்டிக்கு அனுப்பினார்.

அக்கா வேலையிலிருந்து தலை நிமிரவில்லை. சேதியைச் சொன்னேன்.

"செஞ்சு தாரேனுங்க. அந்த நாப்பது நாளு?"

"அது அடிச்சது அடிச்சதுதானே அக்கா."

"நீங்க அடிச்சது. நீங்களே மறுக்கா எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க, பொட்டி தாரேன்."

பஸ்ஸில் திரும்பும்போது கோபமாகத்தான் இருந்தேன். நிலையத்துக்கு வந்து பதிவேட்டைத் திறந்ததும் கோபம் வேறு பக்கம் திரும்பியது. சிவப்புக் கோடுகளுக்கு எதிர்ப்பக்கம், நாற்பது நாளையும் கறுப்பு மையில் திரும்ப எழுதினேன். கீழே, 'மேற்கண்ட அளவுகள் சரியானவை. உத்தரவின் பேரில் தவறாக அடிக்கப்பட்டன' என்று எழுதி முழுக் கையெழுத்தும் போட்டேன். டாக்டர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தானும் கீழே கையெழுத்திட்டார்.

ஆறு பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு காகிதம் ஒட்டி, ஒரு பேர் எழுதியிருந்தது: பாப்பாத்தி, மாராயி, நல்லம்மா, இப்படி ஆறு பேர். எல்லோரும் கடலைக்காட்டில் கூலிக்குப் போகிற பெண்கள். அக்காவின் முடி போதவில்லை, அவர்களிடம் கேட்டிருக்கிறார். முதலில் ஒருத்தியும் தரவில்லை. தலைமுடி அந்நியர் கைக்குப் போனால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று பயம். "உம்பேரப் பொட்டி மேல எழுதி ஒட்டிர்றேன். பேரு போட்டுச் செவுத்துல தொங்கற முடிய எவன் வந்து திருடுவான்?" என்று கேட்டாராம். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சீப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

டாக்டர் பேர்களை உரித்துவிடலாமா என்றார். "அவங்களுக்குக் கொடுத்த வாக்கு சார்" என்றேன். அவர் பிறகு அதைக் கேட்கவில்லை. ஐந்தை மெட்ராஸுக்கு அனுப்பினோம். பாப்பாத்தி மட்டும் எங்கள் கூண்டில் தங்கியது. மாத அறிக்கையில், 'கருவி' என்ற இடத்தில், 'பாப்பாத்தி' என்றே எழுதினேன். திரும்ப எழுதிய நாற்பது நாள் பத்தியின் நகலையும் அதோடு வைத்தேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் ஒருவர், அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் நம்பத்தகுந்த ஆய்வுக் கருவிகளே கிடையாது, எல்லாம் பிற்பாடு வந்தவை என்று பேசினார். இன்று நாமக்கல்லில் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் ஈரத்தைச் சிவப்பு எண்ணில் காட்டும் மின்சாரப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகியவர் அவர். எழுந்து நின்று, "அது பொய்" என்றேன். வயசானவர் என்று உட்காரவைத்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கிடையாது என்று சொல்வதற்கு முன் அடித்த கோட்டின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

'பாப்பாத்தி' என்று எழுதிய அந்த மாத அறிக்கை போன மூன்றாம் வாரம் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. பாப்பாத்தி என்பவர் யார், அவருடைய கல்வித் தகுதி என்ன, உடனே தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். நான் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருஷம் மேலிடத்துக் கடிதம் என்றாலே வியர்த்துப்போகிற மனிதர், அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே பதில் எழுதினார். 'மிஸஸ் பாப்பாத்தி, எருமப்பட்டி. கடலைக்காட்டுக் கூலி. பள்ளிக்குப் போனதில்லை. ஈரத்துணிச் சோதனையில் தேறியவர். அந்தச் சோதனையில் தேறாத ஒரு கருவியைத் தாங்கள் வந்தபோது பார்த்திருக்கிறோம்.' பதிலுக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகுதான் மருந்தடிக்க உத்தரவு வந்தது. காரணம் எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை.

அந்தப் பதிலின் நகலை எருமப்பட்டிக்கு எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். பாப்பாத்தியும் அங்கே இருந்தார். கடலைக்காட்டிலிருந்து நேரே வந்திருந்தார், காலெல்லாம் செம்மண்.

"மிஸஸுன்னா என்னங்க தம்பி?" என்று கேட்டார் அக்கா.

"துரைசானிங்க பேருக்கு முன்னாடி மரியாதைக்குப் போடறது அக்கா."

பாப்பாத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்காமல் மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார். புதிதாகச் செய்த பெட்டிகள் வரிசையாக, பேர் எழுதின காகிதத்தோடு காய்ந்துகொண்டிருந்தன.

"அப்ப எல்லாத்துலயும் முன்னால அதையும் எழுதுங்க. ஒண்ணு விடாம."