வார்த்தைக்கு இரண்டு ரூபாய்

கள்ளக்குறிச்சியைச் சுற்றி யார் கடை திறந்தாலும் ஜெபீனாவிடம் ஒரு நடை வந்துவிடுவார்கள். நோட்டீஸ், ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லும் விளம்பரம், கல்யாண வரவேற்பு மடல் எல்லாம் எழுதித் தருவாள். எழுதும்போது வராத தயக்கம், "எவ்ளோங்க?" என்று அவர்கள் கேட்கும்போது வந்துவிடும். "பாத்துக் குடுங்க" என்பாள். அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் ஒரு கட்டுக் கரும்பை வாசலில் சாய்த்துவிட்டுப் போனார்.

ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் கணவர் சாதுல்லா அந்தக் கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "நானும் வளையலுக்குக் கரும்பு வாங்கிக்கட்டுமா? கடை ஓனரு வாடகைக்கு எடுத்துக்குவாரான்னு கேட்டுச் சொல்லு."

சுருக்கென்றது. ஜெபீனா போனில் தேடினாள். வெளியூரில் எழுதுகிறவர்கள் வார்த்தைக் கணக்கில் வாங்குகிறார்களாம். அதுவே நியாயம் என்று பட்டது.

முதலில் மாட்டியவன் நைனார்பாளையத்தில் பாத்திரக்கடை திறக்க இருந்த கலையரசன். மைக் விளம்பரம் கேட்டு வந்தான். அரைப்பக்கத்துக்கு அலங்காரமாக எழுதி நீட்டி, "வார்த்தைக்கு ரெண்டு ரூபாங்க" என்றாள்.

கலையரசன் அவளிடமே பேனாவை வாங்கினான்.

"'அன்பார்ந்த' இன்னாத்துக்குக்கா? அன்பு இல்லாமயா கூப்புடுறோம்?" ஒரு கோடு. "'பெரியோர்களே, தாய்மார்களே'வா? சொல்லலன்னா வராம வூட்லயே இருந்துடுவாங்களா?" இன்னொரு கோடு. அடித்துக்கொண்டே போனவன் நிறுத்தியபோது மிஞ்சியது மூன்றே வார்த்தை: 'பாத்திரம். நைனார்பாளையம். வாங்க.'

ஆறு ரூபாயைச் சில்லறையாக வைத்துவிட்டு, "நல்லா எழுதுறீங்கக்கா" என்று மனசாரப் பாராட்டிவிட்டுப் போனான். சாதுல்லாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஜெபீனா அவரிடம் சாயங்காலம்வரை பேசவில்லை.

ஆனால் அந்த மூன்று வார்த்தையை மைக்கில் விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டு ஆட்டோ போனதும், ஊர் ஊராகச் சனங்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கடையைப் பார்க்கவும் போனார்கள்.

அடுத்த வாரம் ரிஷிவந்தியத்திலிருந்து தமிழ்மொழி என்ற பெண் வந்தாள். தையற்கடை திறக்கிறாளாம். "பாத்திரத்துக்கு எழுதுனது நீங்கதானேங்க? எனக்கும் அதுமாதிரி சின்னதா வோணும்."

ஜெபீனா உஷாரானாள். "சின்னதா எழுதறதுதாங்க கஷ்டம். வார்த்தைக் கணக்கெல்லாம் இல்ல. ஒரு வேலைக்கு ஆயிரத்து ஐந்நூறு" என்று சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க" என்றாள் தமிழ்மொழி. பேரம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. பணத்தை எடுத்து வைத்துவிட்டாள்.

அவள் படியிறங்கியதும் ஜெபீனா தலையில் கை வைத்தாள். "ஏங்க, கம்மியா கேட்டுட்டேங்க! ஒரு வார்த்த பேசலியே அந்தப் பொண்ணு!"

"ஆறு ரூபாய்க்கும் மூஞ்சத் தூக்கி வச்சிருந்த. இதுக்கும் அதே மூஞ்சியா?" என்றார் சாதுல்லா.

அதன்பிறகு வந்த உரக்கடைக்காரரிடம் இரண்டாயிரம் கேட்டாள். "ரொம்ப ஜாஸ்திங்க" என்று அவர் எழுந்தார். வாசல்வரை போனார். செருப்பில் ஒரு காலை நுழைத்தார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, "சரி, எழுதுங்க" என்றார்.

ஜெபீனாவுக்கு அப்போதுதான் நிம்மதியாக இருந்தது.