இரவல் பாண்டாவும் ஒற்றைப் பட்டுத் துண்டும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு எழுநூறு ரூபாய் பேசியிருந்தோம். வாலாஜாபாத் தாண்டியதும் டிரைவர் தேவராஜ், "அண்ணே, பாஸ்போர்ட்டு எட்த்துக்கினீங்களா?" என்று கேட்டார். மடியிலிருந்த பையைத் திறந்து பார்த்தேன், இருந்தது. படப்பையில் இன்னொரு தரம் பார்த்தேன். தாம்பரத்தில் நான் பையைத் தொட்டபோது அவரே, "இருக்குதுண்ணே, இருக்குது" என்றார்.

நான் பயந்த சுபாவக்காரன். பட்டுத் தறியில் உட்கார்ந்து முப்பது வருடம் ஆகிறது. இன்றைக்கும் அறுந்த இழையைப் பார்த்தால் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் அடிக்கும். அப்படிப்பட்டவன் இரண்டாயிரமாவது ஆண்டு மே மாதத்தில் தனியாக அமெரிக்கா புறப்பட்டேன். போக வேண்டியவள் என் மனைவி வசந்தாதான். மகளுக்குப் பிரசவம் என்றால் தாய் போவதுதானே வழக்கம்? விசா கேட்டுப் போன இடத்தில் எனக்குக் கொடுத்துவிட்டு அவளுக்கு இல்லை என்றார்கள். ரசம் வைக்கத் தெரிந்தவளை நிறுத்திவிட்டு, வெந்நீர் மட்டும் வைக்கத் தெரிந்தவனை அனுப்பினார்கள்.

எங்கள் ஒரே மகள் கோமதிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த கர்ப்பம் அது. கணவன் சரவணனோடு சான் டியாகோவில் இருந்தாள். பிறக்காத பிள்ளைக்கு எதையும் வாங்கி வைக்கக்கூடாது, செய்து வைக்கவும் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் தறிக்காரனுக்கு அதில் ஒரு சந்து உண்டு. தறியில் ஏற்றிய ஒரு பாவு நூலில் மூன்று சேலை நெய்தபிறகு கடைசியில் கொஞ்சம் நீள இழை மிஞ்சும். அதில் எதை நெய்தாலும் அது யாருக்காகவும் செய்ததில்லை, மிச்சம்தான். அப்படி மிஞ்சிய மாம்பழ மஞ்சள் பாவில், குழந்தைக்கு உறுத்தக்கூடாதென்று ஜரிகை போடாமல், ஒரு சின்னத் துண்டு நெய்து எடுத்தேன்.

அதை மடித்து வைத்த அடுத்த வாரம் போன் வந்தது. வயிற்றில் இருப்பது இரட்டை என்றாள் கோமதி. தறியில் அப்போது வேறொருவர் ஆர்டருக்கான அரக்கு நிறப் பாவு ஏறியிருந்தது. இன்னொரு துண்டுக்கென்று தனியாகப் பாவு போட்டால் அது பிள்ளைக்காகச் செய்ததாகிவிடும். "இருக்கறத எட்த்துக்கினு போ, மத்தத அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் வசந்தா. ஒற்றைத் துண்டோடு கிளம்பினேன்.

சிங்கப்பூரிலும் டோக்கியோவிலும் விமானம் மாறினேன். லாஸ் ஏஞ்சலஸில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, பருப்புப்பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு, பட்டுத் துண்டைத் தூக்கிப் பிடித்தார். பரிசா என்று கேட்டது எனக்குப் புரிந்தது. ஆமாம் என்றால் அது பிள்ளைக்கென்று ஆகிவிடாதா? "நோ, நோ" என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அங்கிருந்து சான் டியாகோ நூற்றிருபது மைல். சரவணன் ஓட்டிய வேகத்துக்கு நான் வழி நெடுக சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். இரண்டில் ஒன்று சரியாக வளரவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டிய சத்தையும் சேர்த்து மற்றது எடுத்துக்கொள்கிறதாம். வாரம் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் எங்களுக்குச் சொன்னால் தாங்க மாட்டோம் என்று மறைத்திருக்கிறார்கள். அன்று பெட்டியிலிருந்து பருப்புப்பொடி, ஊறுகாய், வசந்தா கொடுத்த விபூதி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். துண்டை மட்டும் எடுக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், சனிக்கிழமை. வீட்டிலேயே அடைந்து கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கோமதி அடம்பிடித்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு மணி நேரம் வெளியே போய் வரலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். அவள் போக நினைத்தது மிருகக்காட்சி சாலைக்கு. அங்கே சீனாவிலிருந்து இரவல் வாங்கி வந்த பாண்டாக் கரடிகள் இருந்தன. குட்டியும் இருந்தது. அந்தக் குட்டியைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டிலிருந்து ஒன்பது மைல். நுழைவுச் சீட்டு ஆளுக்கு இருபது டாலருக்குக் கொஞ்சம் குறைவு. பாண்டாவுக்குத் தனிச் சீட்டு கிடையாது. உள்ளே போனதும்தான் அந்தத் தோட்டம் மேடும் பள்ளமுமாக இருப்பது தெரிந்தது. பாண்டா இருக்கும் இடம் பள்ளத்தில். சரவணன் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் நாற்காலி என் கையில் இருந்தது. சரிவு தொடங்கியதும் அது என்னை இழுத்தது. என் மகளும் இரண்டு பிள்ளைகளும் என் பத்து விரலில் இருந்தார்கள். குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து அங்குலம் அங்குலமாக இறக்கினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "நைனா, பிரேக்கு கைப்பிடியிலயே இருக்குது" என்று கோமதி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாண்டாவைப் பார்க்க நீளமாக வரிசை நின்றது. சத்தம் போடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். நம் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவையில் பக்கத்தில் இருப்பவர் கத்துவதே காதில் விழாது. இங்கே அத்தனை கூட்டத்திலும் குழந்தையின் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். ஆஸ்பத்திரியில் கோமதியைப் பரிசோதிக்கும் அறைக்கு வெளியே நாங்கள் பேசுவதும் அப்படித்தான்.

பாண்டா நான் நினைத்ததைவிடப் பெரிது. மனிதர் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து, மூங்கிலை உரித்து உரித்துத் தின்றது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. குட்டி மரக்கிளையில் குப்புறப் படுத்துத் தூங்கியது. எப்போது விழுமோ என்று நான்தான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன், தாய் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

நரைத்த தலையோடு ஒரு அம்மாள் சின்ன மைக்கில் மெதுவாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சரவணன் என் காதருகே தமிழில் சொல்லி வந்தார். இந்த ஜோடிக்காக வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் சீனாவுக்குக் கட்டுகிறார்களாம். இங்கேயே பிறந்தாலும் குட்டி சீனாவுக்குத்தான் சொந்தம், ஒரு நாள் திருப்பி அனுப்ப வேண்டுமாம். பிறக்கும்போது குட்டி உள்ளங்கையில் அடங்கும் அளவுதானாம். அப்போது கூட்டத்தில் ஒருவர் ஏதோ கேட்டார். அந்த அம்மாள் பதில் சொன்னார். சரவணன் தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கோமதியைப் பார்த்தார். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை மாமா என்றார். மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்த கோமதி முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"ரெட்ட பொறந்தா ஒண்ணத்தான் எட்த்துக்குமாம் நைனா. இன்னொண்ண அப்டியே வுட்டுடுமாம்."

அந்த நேரத்தில் என் கண்ணில் நின்றது பாண்டா இல்லை. வீட்டில் கட்டிலடியில் இருந்த பெட்டியும் அதில் மடித்து வைத்திருந்த ஒற்றைத் துண்டும்தான். ஒன்றே போதும் என்று முடிவு செய்துவிட்டு வந்தவன் நானா? வழக்கத்தை மீறக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது இதற்குத்தானா? தள்ளாடிப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். வாய்விட்டு அழக்கூட முடியாத இடம் அது.

கோமதி நாற்காலியை என் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னாள். என்னவென்று கேட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், பயம் வாயைத் திறந்துவிட்டது. மஞ்சள் பாவின் மிச்சம், அரக்குப் பாவு ஏறியது, சுங்க அதிகாரியிடம் இல்லையென்றது எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றைத் துண்டுதான் கொண்டுவந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு சரவணனிடம், நாற்காலியை வரிசையின் கடைசிக்குத் தள்ளச் சொன்னாள். வரிசையில் இன்னொரு முறை நின்று, அந்த நரைத்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்தாள். அவர் மைக்கைத் தள்ளிவிட்டுக் குனிந்து, அவள் வயிற்றையும் முகத்தையும் பார்த்து நெடுநேரம் பேசினார். நான் பெஞ்சிலிருந்தபடி அவர்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து கோமதி சொன்னாள்: "சீனாவுல வுட்டுட்ட குட்டிய மனுசங்க எட்த்துக்கினு போயி சூட்டுப் பொட்டியில வெச்சிக்கிறாங்களாம். கொஞ்ச நேரம் கழிச்சி அத தாய்கிட்ட குடுத்துட்டு, மத்தத பொட்டிக்கு எட்த்துக்குவாங்களாம். இப்டியே மாத்தி மாத்தி. ரெண்டும் பொழச்சிக்குதாம். தாய்க்கு ஒரு நேரத்துக்கு ஒண்ணு, அவ்ளோதான் நைனா."

அவளுக்கும் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. என்னைத் தேற்றுவதற்காக மட்டும் அவள் போய்க் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜூன் மாதம் முடியும் முன்பே, நாள் நிறையாமலே பிரசவம் ஆனது. இரண்டும் ஆண். பெரியவன் அழுதான். சின்னவனின் சத்தம் கேட்கவில்லை, கொண்டு போய்விட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவில் அவனைக் காட்டினார்கள். என் கட்டைவிரல் பருமன்தான் அவன் கை. அவன் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு நின்றேன். ஒரு மூச்சு தாமதித்தால் எனக்கு மூச்சு நின்றது.

பெரியவன் முதலில் வீட்டுக்கு வந்தான். துண்டை எடுக்கச் சொல்லி கோமதி கேட்டாள். முடியாது என்றேன். அவனுக்குப் போர்த்திவிட்டால் ஆஸ்பத்திரியில் இருப்பவனை விட்டுவிட்டதாக ஆகிவிடும் என்ற பயம் எனக்கு. ஆறு வருடம் காத்திருந்து பெற்றவளுக்கு அந்தப் பயம் புரிந்தது, வற்புறுத்தவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் சின்னவனைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் மார்பில் வைப்பாள். பெரியவன் என் தோளில் இருப்பான். பிறகு அவனை அவளிடம் கொடுப்பேன், சின்னவன் பெட்டிக்குப் போவான். நாங்கள் யாரும் பாண்டாவைப் பற்றிப் பேசவில்லை.

ஆகஸ்டில் ஒரு மாலை சின்னவனை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். கட்டிலடியிலிருந்த என் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துக் கோமதியிடம் கொடுத்தேன். யார் மேல் போர்த்துவாள் என்று பார்க்க தைரியமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது துண்டை அவள் தன் மடியில் விரித்திருந்தாள். சின்னவன் அதன் மேல் படுத்துப் பால் குடித்தான். முடித்ததும் அவனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெரியவனை வாங்கிக்கொண்டாள். துண்டு மடியிலேயே இருந்தது, பிள்ளைகள்தான் மாறினார்கள்.

விசா முடிவதற்குள் நான் கிளம்பினேன். விமானம் ஏறும்போது பாஸ்போர்ட்டை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் குறைவாகப் பார்த்தேன். தேவராஜ்தான் காரோடு வந்திருந்தார்.

வாசலிலேயே நின்றிருந்தாள் வசந்தா. பிள்ளைகள் எப்படி என்பது போனில் சொன்னதிலேயே அவளுக்குத் தெரியும். முதல் கேள்வியாகத் துண்டை யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டாள். அங்கேயே நின்று பாண்டாவின் கதையைச் சொன்னேன். பள்ளம், வரிசை, குசுகுசுப் பேச்சு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் தாய், மாற்றி மாற்றிக் கொடுப்பது, கோமதி மடியில் விரித்த துண்டு எல்லாம். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்த வுட்ட குட்டி பொழச்சிக்கினுச்சா?"

"பொழச்சிக்கினுச்சி" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டு போனாள்.